நாம கட்டுற வரிப்பணம்

காலை நிகழ்ச்சி நடத்துகிற எந்த அறிவிப்பாளரிடமும் ஒரு தாயத்து இருக்கும். தொலைபேசி விளக்கு ஒன்றும் எரியாமல் நிலையம் தூங்கிக்கொண்டிருக்கும் நாளில் அதை எடுத்துப் போட்டால் போதும், எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் மின்ன ஆரம்பித்துவிடும். என்னுடைய தாயத்து ஒரு கேள்வி: "நாம கட்டுற வரிப்பணம் எல்லாம் எங்கதாங்க போகுது?"

ஒன்பது வருடமாக இந்தக் கேள்வியை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். லோங்காங் அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை, சாலையில் குழி, குப்பை லோரி மூன்று நாளாக வரவில்லை என்று நேயர்கள் கொட்டித் தீர்ப்பார்கள். நானும் "அடடா", "ஐயையோ" என்பேன். கடைசியில் "சம்பந்தப்பட்டவங்க காதுல விழட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போடுவேன். பாட்டு முடிவதற்குள் நேயருக்கும் எனக்கும் மனம் லேசாகிவிடும். லோங்காங் அப்படியேதான் இருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, இதே கேள்வியைப் போட்ட அன்று, வயதான ஒருவர் அழைத்தார். குரலில் கோபமே இல்லை. அதுவே எனக்குப் புதுசு.

"மா, நான் ஓர் ஊராட்சி மன்றத்துல நிதிப் பிரிவுல இருபத்தேழு வருஷம் கிராணியா இருந்து ரிட்டையர் ஆனவன். நீங்க ஒவ்வொரு தடவையும் பணம் எங்க போகுதுன்னு கேக்குறீங்க. பல நேரம் அது எங்கயும் போறதில்ல மா. அங்கயேதான் இருக்கு."

செய்தி நேரம் நெருங்கிவிட்டது. "சுவாரசியமான கருத்து அங்கிள், நன்றி" என்று இணைப்பைத் துண்டித்தேன். ஆனால் அந்தப் பதில் மனதில் முள் மாதிரி நின்றுவிட்டது. அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுக் கடைசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், என் அம்மா கடைக்குப் போய்த் திரும்பும்போது வீட்டிலிருந்து ஐந்தாவது வாசலில் லோங்காங்கில் விழுந்துவிட்டார். முன்பு அந்த இடத்தில் இரும்புக் கம்பி மூடி இருந்தது. பழைய இரும்புக்கு விலை போகும் என்பதால் யாரோ கழற்றிக்கொண்டு போய் நாளாகியிருந்தது. தண்ணீர் சாலை மட்டத்துக்கு நின்றதால் பள்ளம் எது, தரை எது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு பிரித்த பிறகும் அம்மாவால் இன்றுவரை தேங்காய் துருவ முடியவில்லை. இதை நான் வானொலியில் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அந்தக் கேள்வியைக் கேட்கும்போதும் என் குரலில் இருந்த காரம் அங்கேயிருந்துதான் வந்தது.

அன்று நிகழ்ச்சி முடிந்ததும் அங்கிளைத் திரும்ப அழைத்தேன். அந்த வாரக் கடைசியில் ஒரு மாமாக் கடையில் சந்தித்தோம். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு வந்திருந்தார். எங்கள் பகுதி மன்றத்தின் இரண்டு ஆண்டு வரவு செலவுத் திட்டம். ரகசியமாக எடுத்து வந்ததில்லை. மன்றத்தின் இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி கிடப்பதைத் தன் பேரனை வைத்து அச்செடுத்திருந்தார்.

ஊடகவியல் படித்த காலத்தில் எனக்குத் தலைப்பு வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள், நேர்காணல் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பட்ஜெட் ஆவணத்தை எப்படி வாசிப்பது என்று ஒருநாளும் சொல்லித்தரவில்லை. அக்டோபர் மாதம் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் பேசும்போது முழு மாலையும் சிறப்பு நேரலை போடுகிறோம். என் வாசலில் ஓடும் சாக்கடையை முடிவு செய்கிற பட்ஜெட் எந்த மாதம் நிறைவேறுகிறது என்று எனக்குத் தெரியாது.

"மொத்தத் தொகையைப் பாக்காதீங்க மா, அது உங்களை மயக்கிடும்," என்றார் அங்கிள். "ஒரு வரியை எடுத்துக்கிட்டு இடமிருந்து வலமாப் போங்க. ஒதுக்குனது எவ்வளவு, நடுவுல திருத்துனது எவ்வளவு, உண்மையில செலவு பண்ணது எவ்வளவு."

கால்வாய், மூடி பராமரிப்பு என்றிருந்த வரியில் விரலை வைத்தார். முதல் கட்டத்தில் ஆறு இலக்கத்தில் ஒரு தொகை. இரண்டாவது கட்டத்தில் அதைவிடச் சற்றுக் குறைவான தொகை. மூன்றாவது கட்டத்தில், கேள்விக்குரிய பகுதிக்கு நேரே, ஒரு சின்னக் கோடு.

அம்மா விழுந்த ஆண்டு அது.

ரொட்டி சானாய் ஆறிப்போனது. யாரோ திருடியிருந்தால்கூட எனக்குக் கோபப்படத் தெரிந்திருக்கும். பணம் ஒதுக்கி, அச்சடித்து, மாநில அரசின் ஒப்புதலும் பெற்று, ஒரு வெள்ளிகூடச் செலவாகாமல் ஆண்டு முடிந்திருக்கிறது என்றால் யார்மேல் கோபப்படுவது?

அங்கிள் பொறுமையாக ஓர் ஆண்டின் கதையைச் சொன்னார். மன்றங்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவும் ஆண்டின் நடுவிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். நிதிக்குழு வெட்டும், ஒட்டும். மன்றத்தின் முழுக்கூட்டம் ஏற்கும். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். எல்லாம் முடிந்து ஜனவரி பிறந்தாலும் பணம் உடனே கையில் வராது. ஒவ்வொரு பிரிவுக்கும் செலவு செய்யும் அனுமதி வந்து சேர வேண்டும். அதற்குள் சீனப் புத்தாண்டு வந்துவிடும். பிறகு பொறியியல் பிரிவு ஆளை அனுப்பி அளவெடுக்க வேண்டும். வேலை சிறியதென்றால் விலைப்புள்ளி கேட்க வேண்டும், அல்லது சிறு குத்தகையாளர்களைக் கூப்பிட்டுக் குலுக்கல் போட வேண்டும். பெரியதென்றால் டெண்டர். உள்நாட்டு டெண்டர் என்றால் குறைந்தது 21 நாள் திறந்து வைக்க வேண்டும். பிறகு மதிப்பீடு, குழு, கடிதம், ஒப்பந்தம். நடுவில் நோன்பு மாதம், பெருநாள். குத்தகை எடுத்தவர் கட்டுப்படியாகவில்லை என்று விலகினால், திரும்ப முதலிலிருந்து. இப்படியே அக்டோபர் வந்துவிட்டால் மழைக்காலம். மழையில் லோங்காங்கைத் தோண்ட முடியாது. டிசம்பர் 31-க்குப் பிறகு கணக்கை மூட வேண்டும்.

"அப்புறம் அந்தப் பணம்?"

"மன்றத்தோட கணக்குலயே நிக்கும் மா. அடுத்த வருஷம் அதே வேலையைத் திரும்ப எழுதணும். திரும்ப வெட்டுவாங்க, ஒட்டுவாங்க. போன வருஷம் குடுத்ததையே நீ செலவு பண்ணலையே, உனக்கு எதுக்கு இவ்வளவுன்னும் கேப்பாங்க. அந்தப் பயத்துலதான் நவம்பர், டிசம்பர்ல சாலையோரக் கல்லுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறது."

சாலையோரக் கல்லுக்கு ஆண்டுக் கடைசியில் புதுசாகக் கறுப்பு வெள்ளை அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பரவாயில்லையே, ஊர் பளிச்சென்று இருக்கிறதே என்றுதான் நினைத்திருந்தேன். பெயின்ட் வேலைக்கு அளவெடுக்க வேண்டாம், தோண்ட வேண்டாம், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஒதுக்கியதில் எத்தனை விழுக்காடு செலவானது என்ற கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு அதுவும் சாதனைதான். எனக்கு இது இன்றும் செரிக்கவில்லை. செலவு செய்யாமல் விடுவதைவிட, செலவுக் கணக்கைக் காட்டுவதற்காகச் செலவு செய்வது மோசம் என்று நினைக்கிறேன். அங்கிள் அதை அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டார். அவர் அந்த நாற்காலியில் இருந்தவர்.

பிறகு வரவுப் பக்கத்துக்கு வந்தார். இங்கேதான் என் கதை கொஞ்சம் கோணலாகப் போகிறது.

தீபகற்பத்தில் ஊராட்சி மன்றங்களின் சொந்த வருமானத்தில் பெரும்பங்கு மதிப்பீட்டு வரிதான், நாம் வீட்டு வரி என்று சொல்வது. கணக்கு எளிது. உங்கள் வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு விழுக்காட்டை வரியாகப் போடுவார்கள். மாதம் 500 வெள்ளிக்குப் போகும் வீடென்றால் ஆண்டு மதிப்பு 6,000. விகிதம் 5 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 300 வெள்ளி. பிப்ரவரிக்குள் 150, ஆகஸ்டுக்குள் 150. சட்டம் 35 விழுக்காடு வரை போட அனுமதிக்கிறது, ஆனால் சாதாரணக் குடியிருப்புகளுக்கு யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீடுகளைத் திரும்ப மதிப்பிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். வரி ஏறினால் ஓட்டு குறையும் என்பதால் நீட்டிக்கொண்டே போவதுதான் வழக்கம். கோலாலம்பூரில் 1992-இல் போட்ட மதிப்பையே வைத்துக்கொண்டு, 2013 கடைசியில் திடீரென்று புது மதிப்பை அறிவித்தார்கள். நகரமே கொந்தளித்தது. பிறகு விகிதத்தைக் குறைத்தார்கள். நான் அப்போது வானொலிக்குப் புதுசு. அந்த வாரம் முழுவதும் அழைப்புகளை எடுத்துக் குறித்துக் கொடுத்தது என் வேலை. வரி ஏறுகிறது என்று கத்தினோமே தவிர, இருபத்தொரு வருடம் ஏறாமல் இருந்த வரியில் குப்பை லோரிக்கு எண்ணெய் எப்படி ஊற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"வரவுல இன்னொரு வரி இருக்கு பாருங்க, நிலுவை," என்றார் அங்கிள். "இவ்வளவு வசூலாகும்னு நம்பித்தான் செலவு எழுதுறோம். சம்பளம், குப்பை, தெருவிளக்குக்குக் கரண்ட் பில், இதெல்லாம் தள்ளிப்போட முடியாது. வசூல் குறைஞ்சா முதல்ல நிறுத்துறது எதைன்னு நினைக்கிறீங்க? லோங்காங் மூடி மாதிரி வேலையைத்தான். மூடி இல்லாட்டி அன்னைக்கே யாரும் கத்தமாட்டாங்க. குப்பை ரெண்டு நாள் நின்னா கத்துவாங்க."

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டேன். "மா, நம்ம வீட்டு வரி யார் கட்டுறது?"

"அப்பாதான்," என்றார் அம்மா.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அம்மா ஒன்றும் மறைக்கவில்லை. உயிரோடு இருந்தவரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அப்பா மோட்டார் சைக்கிளில் போய்க் கட்டுவார், பழைய ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார். அவர் போன பிறகும் கடிதங்கள் அவர் பெயருக்கே வந்தன. அம்மா அவற்றைச் சாமி அறையில், அப்பாவின் படத்துக்குக் கீழே இருக்கிற பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றையும் பிரிக்கவில்லை. "அப்பா பேருக்கு வந்த கடுதாசியை நான் எப்படிப் பிரிக்கிறது?" என்றார். கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் என் கைப்பேசியில் கட்டிவிடுகிறேன். வீட்டு வரி என்ற ஒன்று இருப்பதே எனக்கு நினைவில் இல்லை. வரிப்பணத்தைப் பற்றி வாரத்துக்கு மூன்று நாள் பேசுகிறவளுக்கு.

டின்னில் ஆறு அரையாண்டு பில்கள் இருந்தன. அவற்றோடு ஒரு தடிமனான உறை. பிரித்தால், ஃபாரம் ஈ. குறிப்பிட்ட நாளுக்குள் நிலுவையைக் கட்டவில்லை என்றால் வாரண்ட் எடுத்து வந்து வீட்டுப் பொருள்களைப் பறிமுதல் செய்யலாம் என்று மலாயில் அச்சடித்திருந்தது. நாள் தாண்டிப் பல மாதம் ஆகியிருந்தது. யாரும் பறிமுதல் செய்ய வரவில்லை. அதுவும் ஒருவகையில் அந்த மன்றத்தின் நிர்வாக லட்சணம்தான். எங்களுக்கு அதில் நன்மை என்பதால் நான் அதைக் குறையாகச் சொல்லக்கூடாது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். தமிழ்ப் பெண். "அக்கா, நீங்க ரேடியோவுல..." என்று ஆரம்பித்தார். அந்த நொடி நான் வேறு யாராகவாவது இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது. நோட்டீஸ் கட்டணமும் சேர்த்து 900 வெள்ளிக்கு மேல் வந்தது. ரசீதை நீட்டும்போது அவர் மெதுவாக, "நிறைய பேர் இப்படித்தான் அக்கா, பெரியவங்க தவறிட்டா கட்டுறது நின்னுபோயிடும்," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முதலில் நிலப் பத்திரத்தில் அம்மா பெயர் ஏற வேண்டும், அதற்கு நில அலுவலகம், வாரிசுச் சான்று என்று ஒரு பட்டியல் சொன்னார். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு நான்கு வாரம் அந்தக் கேள்வியை நிகழ்ச்சியில் போடவில்லை. தயாரிப்பாளர் கேட்டபோது ஏதோ சமாளித்தேன்.

ஜூலையில் மன்றம் அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்காகப் பொதுமக்கள் கருத்துக் கூட்டம் வைத்தது. பல மன்றங்கள் இப்போது இப்படி ஒன்றை நடத்துகின்றன. அறிவிப்பு அவர்களின் முகநூலில் இருந்தது. எங்கள் நிலையத்துக்கு வந்ததா, வந்து நாங்கள்தான் தூக்கிப் போட்டோமா தெரியவில்லை. வார நாள், காலை ஒன்பது மணி. வேலைக்குப் போகிறவர் யார் வர முடியும்? மண்டபத்தில் வரிசை வரிசையாக நாற்காலி. அதிகாரிகளைத் தவிர்த்துப் பார்த்தால் வந்திருந்தது குடியிருப்பாளர் சங்கத் தலைவர்கள் சிலரும் பணி ஓய்வு பெற்றவர்களும்தான். இந்திய முகம் என்று பார்த்தால் அங்கிளும் நானும் இன்னொரு பெரியவரும். அவர் கோயில் நிலம் பற்றிப் பேச வந்தவர்.

கேள்வி நேரத்தில் எழுந்து, லோங்காங் மூடிக்கான பணம் ஏன் செலவாகவில்லை என்று மலாயில் கேட்டேன். ஒலிவாங்கி என் தொழில், கை நடுங்கக்கூடாது, நடுங்கியது. பதில் சொல்ல எழுந்தவர் பொறியியல் பிரிவின் இளைஞர். என் வயதுகூட இருக்காது. சுற்றி வளைக்காமல் சொன்னார். முதல் முறை விலைப்புள்ளி கேட்டபோது ஒருவரும் வரவில்லை. மன்றத்தின் மதிப்பீடு பழைய விலையில் போட்டது. அதற்குள் இரும்பும் சிமெண்டும் ஏறிவிட்டன. இரண்டாவது முறை எடுத்தவர் பாதியில் விட்டுவிட்டார். மூன்றாவது முறைக்கு ஆண்டு இல்லை. எங்கள் வட்டாரத்தைப் பார்க்கத் தன்னோடு சேர்த்து மூன்று பேர்தான் இருப்பதாகவும் சொன்னார். அந்த மூன்று பேரும் எந்த வாசலில் மூடி இல்லை என்று நடந்து பார்க்க நேரமில்லாததால், புகார் வந்த இடங்களை மட்டும் பட்டியலில் சேர்க்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து புகார் வந்ததா என்று கணினியில் பார்த்தார். வரவில்லை.

அம்மா விழுந்தபோது தெருவே கூடியது. நான் வானொலியில் பொருமினேன். ஆனால் மன்றத்துக்கு ஒரு வரி எழுதியது யாரும் இல்லை.

அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். விலை ஏறியது ஊருக்கே தெரியும்போது பட்ஜெட் போடும்போது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? சென்ற ஆண்டுத் தொகையோடு கொஞ்சம் கூட்டி எழுதுகிற பழக்கத்தில் வருகிற கோளாறு இது. போன வருடம் என்ன செய்தோம் என்று பார்க்காமல், போன வருடம் என்ன எழுதினோம் என்று பார்ப்பது. ஆனால் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த மண்டபத்திலேயே நேராகப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மேடையில் மன்ற உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பகுதிக்குரிய உறுப்பினர் யாரென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தெரியாததற்கு நான் மட்டும் காரணமில்லை. ஒரு மன்றத்துக்கு அதிகபட்சம் 24 உறுப்பினர்கள். அவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்திராத முகம் நமக்கு எப்படித் தெரியும்?

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜார்ஜ் டவுனின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் டி.எஸ். இராமநாதன், 1957-இல். 1965 மார்ச்சில், இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில், ஊராட்சித் தேர்தல்களைத் தற்காலிகமாக நிறுத்துவதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். அதற்குத் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். ஜானகி ஆதி நாகப்பனை நம் பிள்ளைகளுக்கு நேதாஜியின் படை வழியாகத் தெரியும்; கணவர் தலைமையில் வந்த இந்த அறிக்கையை யாரும் சொல்லித்தருவதில்லை. 1968-இல் எழுதி முடித்து 1971-இல் வெளியான அந்த அறிக்கை, குறைகளை எல்லாம் விலாவாரியாகச் சொன்ன பிறகும், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1976-இல் வந்த சட்டம் தேர்தலையே எடுத்துவிட்டது.

தேர்தல் வந்தால் லோங்காங் மூடி தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அன்றைய தேர்தல் மன்றங்கள் சிலவற்றின் மீதும் முறைகேட்டுப் புகார்கள் இருந்தன, ஆணையம் அமைந்ததே அதனால்தான். ஆனால் அந்த மண்டபத்தில் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தபோது, அறுபது வருடமாக யாரும் நம்மைக் கேட்காததால் நாமும் கேட்பதை மறந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. சட்டப்படி மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்திருக்க வேண்டும், மன்றமே வேறு மாதிரி தீர்மானித்தால் தவிர. ஒன்பது வருடத்தில் நான் ஒன்றுக்கும் போனதில்லை.

தேர்தல் இல்லாமலே வேறு வழியில் முயன்று பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பினாங்கில் 2012 வாக்கில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் குடியிருப்பவர்களிடம் முதலில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். ஆண்கள், பெண்கள், முதியோர், இளையோர் என்று தனித்தனியாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். பிறகு, எதற்கு எவ்வளவு செலவிட வேண்டும் என்று குடியிருப்பாளர்களையே வாக்களிக்க வைத்தார்கள். பெண்களைத் தனியாகக் கேட்டது முக்கியம் என்று நினைக்கிறேன். எங்கள் தாமானில் ஆண்களை மட்டும் கேட்டால் கார் நிறுத்த இடம் வேண்டும் என்பார்கள். லோங்காங்கை ஒட்டி நடந்து போய்க் காய்கறி வாங்கி வருவது என் அம்மா மாதிரியானவர்கள்தான்.

கூட்டம் முடிந்த கையோடு எங்கள் தெருவின் புகாரைப் பதிந்தேன். அம்மாவே குடை பிடித்துக்கொண்டு தெருமுழுக்க நடந்து எண்ணினார். மூடி இல்லாத இடம் ஏழு. ஒவ்வொன்றையும் வீட்டு எண் போட்டுப் படம் எடுத்து அனுப்பினோம். நிகழ்ச்சியிலும் பேசினேன், இந்த முறை வேறு மாதிரி. புகார் எண் வாங்கினீர்களா என்று ஒவ்வொரு நேயரையும் கேட்டேன். அன்று விளக்குகள் அவ்வளவாக எரியவில்லை. ஓர் அம்மா மட்டும், "நீங்க யாரு பக்கம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அன்றுதான் எங்கள் வீட்டு வரி மூன்று ஆண்டு பாக்கி இருந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம், எதிர்பார்த்த மாதிரியே, மழைக்கு நடுவில், அவசர அவசரமாக லோரி வந்தது. இரும்புக்குப் பதில் சிமெண்டு மூடி, திருட முடியாது. இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஏழில் ஐந்து சரியாகப் பொருந்தின. ஒன்று கொஞ்சம் ஆடுகிறது, மோட்டார் சைக்கிள் ஏறினால் டங் என்று சத்தம் வரும். ஏழாவது இடத்தில் வாய் அகலம் அதிகம். கொண்டுவந்த மூடி அளவு போதவில்லை. அளவெடுத்தவர் வேறு, செய்தவர் வேறு போலிருக்கிறது. வேலையாள்கள் அதை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா அந்தப் பள்ளத்தில் ஒரு குச்சியை நட்டு அதில் சிவப்பு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டார்.

அங்கிளுக்கு அழைத்துச் சொன்னேன். "ஏழுல ஆறா? நல்ல விழுக்காடு மா," என்று சிரித்தார். பிறகு, அந்த ஏழாவதுக்கான பணம் கொடுத்தாயிற்றா, பிடித்து வைத்திருக்கிறார்களா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கச் சொன்னார்.

பிப்ரவரியில் வீட்டு வரி பில் வந்தது, அப்பா பெயரில்தான். நான் வேலை முடிந்து வந்தபோது அது பிரிக்கப்பட்டு மேசைமேல் இருந்தது. மேலே மூக்குக் கண்ணாடி. அம்மா விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கூட்டம் மறுபடி எப்போ?" என்று கேட்டார்.

"ஜூலையில மா. காலையில ஒன்பது மணிக்கு."

"உட்கார இடம் இருக்குமா?"

"நிறைய இருக்கும்," என்றேன்.